நிற்க வேண்டிய சுவர்

காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவருக்கு வாயைத் தவிர வேறு என்ன சொத்து இருக்கிறது? அவள் கணவர் விடியற்காலையில் மூட்டைகளின் மேல் ஏறி நின்று ‘ஒருதரம்’ என்று ஆரம்பித்தால், ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். மார்க்கெட்டில் அவருக்கு ஸ்பீக்கர் என்று பேர். வீட்டிலும் அதே சத்தம்தான். குளியலறையில் சோப்பு தீர்ந்துவிட்டது என்பது எதிர்வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட வாய் கொஞ்ச நாளாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தது. பிறகு கீழ்த்தாடையின் இடது மூலை புடைத்துக்கொண்டது. வலி இல்லையே, விடு என்றார் அவர். வலி இல்லை என்பதுதான் அவளைக் கலங்க வைத்தது.

அவளுக்குக் கலங்கத் தெரியும். ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில், திசு ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஆபரேஷன் அறையிலிருந்து சின்னச் சின்ன டப்பாக்களில் சதைத் துண்டுகள் வரும். அவற்றை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டரிடம் வைக்க வேண்டும். டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இது இன்ன வியாதி என்று எழுதுவார். நோயாளி அவள் முகத்தைப் பார்த்ததே இருக்காது, ஆனால் அவன் தலையெழுத்து அவள் கையைத் தாண்டித்தான் போகும். அவள் வெட்டில் ஒரு மடிப்பு, ஒரு கீறல் இருக்காது. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லாமல் என்ன? கணவர் அவளை மெழுகுராணி என்றுதான் கூப்பிடுவார்.

தாடையைப் படம் எடுத்துப் பார்த்தபோது எலும்புக்குள் கறுப்பாக ஒரு பள்ளம் தெரிந்தது. அறுவை மருத்துவர் அதைப் பேனா முனையால் சுற்றிக் காட்டினார்.

“இது நீர்க்கட்டியா இருந்தா திறந்து சுரண்டிச் சுத்தம் பண்ணிடலாம். பல்லு முளைக்கிற திசுவிலிருந்து வளர்ந்த கட்டியா இருந்தா கதை வேற. இந்தப் பக்கத் தாடையை எலும்போட வெட்டி எடுத்துட்டு, உலோகத் தகடு வைக்கணும். பேச்சு முன்ன மாதிரி இருக்கும்னு சொல்ல முடியாது. முதல்ல ஒரு துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவோம்.”

“பாதித் தாடைன்னா பாதிச் சரக்குதான் ஏலம் விடணும் போல,” என்றார் கணவர்.

மருத்துவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. சொன்னவரே கொஞ்ச நேரம் கழித்துத் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

துண்டு எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் மேசைக்குத்தான் வரும். சொந்தக்காரர்களுடையது வந்தால் சொல்லிவிட வேண்டும், வேறு ஆள் செய்வார் என்பது ஆய்வுக்கூடத்தில் எழுதாத சட்டம். அவள் வாயைத் திறக்கவில்லை. கட்டின புருஷனின் தாடைத் துண்டை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற நெஞ்சுரம் அவளுக்கு இல்லை.

டப்பாவைத் திறந்தபோது உள்ளே இருந்தது வெங்காயத் தோலை நனைத்த மாதிரி ஒரு சவ்வுத் துண்டு. இவ்வளவு மெல்லிசான ஒன்று அவ்வளவு பெரிய மனுஷரை மிரட்டுகிறது. மறுநாள் அதை மெழுகில் பதிக்கும்போது கை நடுங்கும் என்று பயந்துகொண்டேதான் உட்கார்ந்தாள். நடுங்கவில்லை. உள்ளங்கை வேர்க்கக்கூட இல்லை. சின்ன உலோகத் தட்டில் உருகிய மெழுகை ஊற்றி, இடுக்கியால் துண்டை எடுத்து உள்ளே வைத்தாள். அது சுருண்டு சாய்ந்தது. சூடான கம்பியால் மெல்ல நீவி, ஒரு சுருக்கம் இல்லாமல் படிய வைத்தாள். மெல்லிசாக வருகிறவற்றுக்கு அது அவள் கைவழக்கம். மடிப்பு விழுந்தால், போன வருஷம் வரை இருந்த பழைய டாக்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அதற்காகவே அவள் பழக்கிக்கொண்ட பக்குவம் அது.

ஸ்லைடு தயாரானபோது இப்போதைய டாக்டர் இல்லை, வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நல்ல பெண்ணாக அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. எல்லோரும் கிளம்பியதும் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்லைடை வைத்து விளக்கைப் போட்டாள்.

அவள் டாக்டர் இல்லை, சரி. ஆனால் அடுப்படியில் நிற்கிறவளுக்கு வாசனை தெரியாமல் போகுமா? இந்த வருஷம் புதிதாக வந்த டாக்டரம்மா சிடுசிடுப்பு இல்லாதவர். இரட்டைக் கண் வைத்த மைக்ரோஸ்கோப்பில் அவளையும் எதிரே உட்காரவைத்து அவ்வப்போது காட்டுவார். தாடைக் கட்டிகளைப் பற்றி அவர் சொன்னது அவளுக்கு மனப்பாடம்.

“பல்லுத் திசுக் கட்டின்னா அணுக்கள் தீவு தீவாத் தெரியும். இந்தக் கருநீலப் புள்ளிங்க எல்லாம் காவக்காரங்க. உடம்போட எதிர்ப்பு அணுக்கள். செத்துப்போன பல்லு வேர்ல கிருமி புகுந்தா இவங்க கூட்டமா வந்து சண்டை போடுவாங்க. அந்தச் சண்டையிலதான் சாதாரண நீர்க்கட்டி உண்டாகுது. கூட்டம் இருந்தா எனக்குப் பாதி பயம் போயிடும். கூட்டமே இல்லாம ஊர் அமைதியா இருந்தாத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். சில கட்டிங்க காவக்காரங்களையே தாஜா பண்ணி ஓரமா நிக்க வச்சிடும்.”

அவள் பார்த்தாள். இளஞ்சிவப்புக் கடலில் ஊதாத் தீவுகள். தகட்டை நகர்த்தினாள். மறுபடி தீவுகள். இந்த ஓரம், அந்த ஓரம், மேலே, கீழே, எங்கே போனாலும் தீவுகள். கருநீலப் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஊர் அவ்வளவு அமைதியாக இருந்தது. அவள் விளக்கை அணைத்தாள். எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஐயோ, ஐயோ என்று அவள் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் கூடத்தில் இல்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. “ஒருதரம். ரெண்டுதரம். மூணுதரம்.” நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “தக்காளி வந்தாச்சு, தக்காளி, தட்டிப் பார்க்காதே, தடவிப் பார்த்து எடு.” இவருக்கு என்ன, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று அவள் கதவைத் தட்டப் போனாள். அப்போது அதே வார்த்தைகள் இன்னொரு தரம், தகரத்தில் அடித்த மாதிரி, போனுக்குள்ளிருந்து கேட்டன. தன் குரலைப் பதிவு பண்ணி வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் ஓசைப்படாமல் வாசலுக்குத் திரும்பிப் போய், அப்போதுதான் வருகிற மாதிரி செருப்பைச் சத்தமாகக் கழற்றினாள்.

“வந்துட்டியா ராணி? என் தாடை உங்க மெழுகுல வெந்துச்சா, இல்லையா?”

“டாக்டர் இன்னும் பாக்கல.”

“நீ பாத்திருப்பியே.”

“நான் என்னத்தைப் பாக்கப் போறேன், எனக்கென்ன தெரியும்?”

அவர் அவள் முகத்தைப் படித்தார். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே அழுகல் இருக்கிறதா என்று சொல்லிவிடுகிற ஆள் அவர். சாப்பிட உட்கார்ந்தார். ஒரு பக்கமாக, மெதுவாக, மென்றார்.

“எனக்குப் பேச்சே போயிடுச்சுன்னு வை. நீ என்ன பண்ணுவ?”

“நிம்மதியாத் தூங்குவேன்.”

அவர் சிரித்துவிட்டார். அவள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். திரும்பியபோது அவர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா ஸ்லைடுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் எதிர் நாற்காலியில் உட்காராமல், துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஸ்லைடு வந்தபோது டாக்டரின் கை நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது. மறுபடி நின்றது. அதற்குள் போன் அடித்தது. அறுவை மருத்துவர்தான்.

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன் சார். தீவு தீவாத் தெரியுது. ஆமா, கட்டி மாதிரிதான் இருக்கு. எதிர்ப்பு அணுவும் காணோம்.”

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.  கணவரின் பாதி முகம் கண்முன் தெரிந்தது அவளுக்கு. தகடு வைத்த முகம். மூட்டைகளின் மேல் ஏறி நின்று, பதிவு பண்ணின குரலைப் போனில் ஓடவிட்டு மைக்கில் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர்.

“ஆனா எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும். நானே கூப்பிடறேன்,” என்று சொல்லி டாக்டர் போனை வைத்தார். “இதை மெழுகுல வச்சது யாரு?”

“நான்தான், மேடம்.”

“இங்க வாங்க. பாருங்க. கட்டிப் பையோட உள்பூச்சு இருக்கு, சரி. வெளிச் சுவர் எங்க?”

அவள் குனிந்து பார்த்தாள். தீவுகள்தான் தெரிந்தன.

“நிக்க வச்சீங்களா, படுக்க வச்சீங்களா?”

“படிய வச்சேன், மேடம். மடிப்பு விழக்கூடாதேன்னு.”

“அதான். நீர்க்கட்டியோட துண்டுன்னா அது ஒரு சுவர். சுவரை நிக்க வச்சு வெட்டினாத்தான் பூச்சும் தெரியும், உள்ளே இருக்கிற செங்கல்லும் தெரியும். படுக்க வச்சுச் சீவினா பூச்சை மட்டும்தான் சீவுவோம். அது மேடும் பள்ளமுமா இருக்கிறதால தீவு தீவாத் தெரியும், கட்டி மாதிரியே ஏமாத்தும். காவக்காரங்க சுவருக்குள்ளதான் நிப்பாங்க. அவங்க நிக்கிற தெருவையே பாக்காம, ஆளே இல்லைன்னு நான் எப்படி எழுதறது?”

சுவர் நிற்க வேண்டும் என்பது வேலையில் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்த பாடம். தடித்த துண்டுகளை அவள் நிற்கத்தான் வைப்பாள். ஆனால் ஈரத் துணி மாதிரி இருக்கிறதை எப்படி நிற்க வைப்பது, இவ்வளவு மெல்லிசில் எப்படி இருந்தால் என்ன என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேறு நாளாக இருந்தால் வெட்கத்தில் செத்திருப்பாள். இன்று அவளுக்கு வெட்கம் வரவில்லை. கடவுளே, தப்புப் பண்ணியிருக்கணும், நான் நல்லாக் கெடுத்து வச்சிருக்கணும் என்று வேண்டிக்கொண்டாள். தன் வேலை மோசமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அவளுக்கு அதுதான் முதல்முறை.

“மேடம், அது எங்க வீட்டுக்காரரோடது.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள்.

“அதான் கை நடுங்கியிருக்கு,” என்றார் டாக்டர். “நிக்க வைக்க முடியாமப் போயிருக்கு. முன்னாடியே சொல்லக்கூடாதா? வாங்க, உருக்கித் திரும்ப வைப்போம். மிச்சத் துண்டு போதும்.”

அவள் தலையை ஆட்டினாள்.

மெழுகை உருக்கினார்கள். டாக்டரே பக்கத்தில் நின்று, துண்டு சாயாமல் மெழுகு இறுகுகிற வரைக்கும் இடுக்கியால் பிடித்துக்கொண்டார். பிடித்து நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்படியொன்றும் முடியாத காரியம் இல்லை. வெட்டி, ஒட்டி, சாயம் ஏற்றுகிற வரை அவள் உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை கை நடுங்கத்தான் செய்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குனிந்தார்கள்.

ஒரு நாடா தெரிந்தது. மேலே பூச்சு, கீழே சுவர். சுவர் முழுக்கக் கருநீலம். திருவிழாவுக்கு வந்த மாதிரி அப்படி ஒரு கூட்டம்.

“காவக்காரங்க!” என்றாள் அவள். கண்ணீர் கண்ணாடி வில்லை மேல் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அப்ப சாதாரண நீர்க்கட்டிதானே மேடம்?”

“அவசரப்படாதீங்க. கூட்டத்தைப் பாத்து ஏமாந்தவங்க நிறைய பேர். இவங்க வந்து மொய்ச்ச இடத்துல பூச்சு தன் அடையாளத்தையே இழந்துடும். எந்தக் கட்டியும் சாதாரண நீர்க்கட்டி மாதிரி வேஷம் போடும்.” டாக்டர் தகட்டை நகர்த்திக்கொண்டே பேசினார். “இவங்க அவ்வளவு நல்லவங்களும் இல்ல. சண்டையில இவங்க விடற ரசாயனம் எலும்பையும் கரைக்கும். உங்க வீட்டுக்காரர் தாடையில இருக்கிற பள்ளத்துல இவங்களுக்கும் பங்கு உண்டு. திருடனைப் பிடிக்க வந்துட்டு வீட்டையே இடிச்சிட்டுப் போற கூட்டம்.”

நேற்று கூட்டம் இல்லை என்று பயந்தாள். இப்போது கூட்டம் இருக்கிறது என்று பயப்பட வேண்டுமாம். பாழாய்ப்போன இந்த மைக்ரோஸ்கோப்பில் நிம்மதியாகப் பார்க்க ஒரு இடமாவது உண்டா?

டாக்டர் கூட்டம் குறைகிற ஓரமாகப் போனார். இன்னும் போனார். கடைசியில் கருநீலப் புள்ளிகள் எட்டாத ஒரு சின்ன மூலை. அங்கே பூச்சு மெல்லிசாக, மேல்விளிம்பு அலை அலையாக, அடிவரிசை அணுக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே சீராக நின்றன.

“இதான் இதோட சொந்த முகம்,” என்றார் டாக்டர். மூச்சை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “நான் பயந்த கட்டி இல்ல. நீர்க்கட்டிதான். ஆனா அடங்காத ரகம், திரும்பத் திரும்ப வரப் பாக்கும். நல்லாச் சுரண்டி எடுத்துட்டு வருஷா வருஷம் படம் எடுத்துப் பாக்கணும். விட்டுடக் கூடாது.”

“தாடை, மேடம்?”

“தாடை இருக்கும்.”

அவள் நடைபாதைக்கு ஓடிப்போய்க் கணவருக்குப் போன் போட்டாள். சொன்னாள். எதிர்முனையில் சத்தமே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பேச்சற்றுப் போனது அப்போதுதான். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தாள். “மூணுதரம்!” என்று கத்தினார் அவர். நடைபாதையில் போன நர்ஸ் திடுக்கிட்டு நின்றாள். இவள் சிரித்தாள், அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள்.

திரும்பி வந்து, சாமான்களைக் கழுவ எடுத்தாள். மெழுகு ஒட்டிய சின்ன உலோகத் தட்டு கையில் இருந்தது. அதான் கை நடுங்கியிருக்கு என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. பாவம், எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தாள். அப்புறம் கை தானாக நின்றுவிட்டது.

அன்றைக்குக் கை நடுங்கவில்லையே. பதறவே இல்லை. எப்போதும் செய்கிற மாதிரி, அதே நிதானமாக, அதே கம்பியால் நீவி வைத்தாள். மெல்லிசாக வருகிற எல்லாவற்றையும் எப்படி வைப்பாளோ அப்படியே. பழைய டாக்டர் அவளுடைய மடிப்பில்லாத வெட்டைப் பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கும்மா என்று தட்டிக்கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். சுவர் எங்கே என்று அவர் கேட்டதே இல்லை.

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஸ்லைடுகளையும் பார்த்து அவர் இப்படித்தானே எழுதியிருப்பார்? தீவு தீவாகத் தெரிகிறது, எதிர்ப்பு அணு காணோம், கட்டிதான், வெட்டு. அந்த நோயாளிகளின் மனைவிகள் யாரும் இந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யவில்லை. யாரோ ஒருவர் இந்த நிமிஷம் எங்கேயோ உட்கார்ந்து, பாதித் தாடையால் மென்றுகொண்டிருக்கலாம்.

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. கை நடுங்கிய கதை அழகாக இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிடலாம். வீட்டில் அவர் காத்துக்கொண்டிருப்பார். இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்கலாம். அவள் குழாயை மூடினாள். ஈரக்கையைத் துடைக்காமலே டாக்டரின் அறைக்குப் போனாள்.

“என்ன, இன்னும் கிளம்பலையா? வீட்ல காத்திருப்பாரே,” என்றார் டாக்டர்.

“மேடம், அன்னைக்கு என் கை நடுங்கல.”

டாக்டருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“இது மாதிரி எத்தனை?”

“தெரியல. மெல்லிசா வந்தது எல்லாமே.”

டாக்டர் மைக்ரோஸ்கோப்பின் விளக்கை மறுபடி போட்டார். பழைய மெழுகுத் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கிற அலமாரியை இருவருமே திரும்பிப் பார்த்தார்கள்.

“சாவி யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்டதான், மேடம்,” என்றாள் அவள்.